செயற்கை நுண்ணறிவால் உங்கள் நிறுவனத்தின் உற்பத்தித்திறன் உயர்ந்திருக்கிறதா? அளந்து அறியும் முறை

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'மீட்டர்' என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு, திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் பல ஆண்டுகள் பழகிய 16 நிரலாளர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தியது. அவர்கள் வழக்கமாகச் செய்துவந்த வேலைகளிலிருந்தே 246 பணிகள் எடுக்கப்பட்டன; ஒவ்வொரு பணியிலும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. கருவி இருந்தால் நேரம் 24 விழுக்காடு குறையும் என்று தொடங்குமுன் அவர்கள் மதிப்பிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு, 20 விழுக்காடு குறைந்திருக்கும் என்றே கருதினார்கள். ஆனால் பதிவான நேரத்தைக் கூட்டிப் பார்த்தபோது, கருவியுடன் செய்த பணிகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்திருந்தது.

பல ஆண்டு அனுபவமுள்ளவர்கள், தாங்கள் நன்கறிந்த வேலையில், தங்கள் சொந்த வேகத்தையே தவறாகக் கணித்தார்கள் என்பதுதான் இந்தச் சோதனையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி. ஆகவே ஊழியர்களை அழைத்து "ஏஐ உதவியாக இருக்கிறதா?" என்று கேட்டு, "ஆமாம் சார், நன்றாக இருக்கிறது" என்ற பதிலை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்கான சந்தாவைக் கட்டும் முதலாளி, தம் பணத்துக்கு எந்தக் கணக்கும் இல்லாமல் செலவு செய்கிறார். சில வாரங்களில், தனி நிபுணர் யாரையும் வைக்காமல், ஒரு சிறு நிறுவனமே இதை அளந்து தெரிந்துகொள்ள முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயனே இல்லை என்று முடிவுகட்டுவதற்கும் இடமில்லை. பொருளியலாளர் எரிக் பிரின்யோல்ஃப்சனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்களைப் பற்றியது. எழுதவேண்டிய பதிலைத் திரையில் பரிந்துரைக்கும் கருவி வந்த பிறகு, ஒரு மணி நேரத்தில் அவர்கள் தீர்த்து வைத்த சிக்கல்களின் எண்ணிக்கை சராசரியாக 14 விழுக்காடு உயர்ந்தது. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் அது 34 விழுக்காடு. மிகத் தேர்ந்தவர்களுக்கோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. காரணம் எளிது. அந்தக் கருவி, தேர்ந்த பணியாளர்களின் பழைய உரையாடல்களிலிருந்து கற்றுக்கொண்டது. மூத்தவர்களின் கைப்பக்குவத்தை அது புதியவர்களிடம் சேர்த்தது. அதே ஆண்டில் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களிடம் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், கருவியின் திறனுக்கு உட்பட்ட பணிகளை அதைப் பயன்படுத்தியவர்கள் 25 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். அந்த எல்லைக்கு வெளியே வேண்டுமென்றே அமைக்கப்பட்ட ஒரு பணியிலோ, கருவி இல்லாதவர்களைவிடச் சரியான விடை கண்டவர்களின் பங்கு 19 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது.

ஆகவே "ஏஐ உற்பத்தித்திறனை உயர்த்துமா?" என்ற பொதுக்கேள்வியை விட்டுவிடுங்கள். எந்த வேலையில், யார் கையில், எவ்வளவு என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

முதலில் ஒரே ஒரு வேலை

எடுத்துக்காட்டுக்குத் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஓர் ஆர்டரைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் மேசையில்தான் எல்லா நூல்களும் வந்து முடிச்சுப் போடுகின்றன. பையர், அதாவது ஆடையை வாங்கும் நிறுவனம், அனுப்பும் டெக் பேக்கை (ஆடையின் வடிவமும் அளவும் அடங்கிய கோப்பு) படித்து அளவுப் பட்டியலை ஆர்டர் ஷீட்டில் ஏற்றுவது, லேப் டிப் (சாயமேற்றிய மாதிரித் துணி), ஃபிட் சாம்பிள் (அளவுப் பொருத்தம் பார்க்கும் மாதிரி ஆடை), பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி ஆடை) ஆகியவற்றுக்கு ஒப்புதல் வாங்குவது, சாயப்பட்டறையைத் துரத்துவது, துணிக் கணக்கும் விலையும் போடுவது, இவற்றுக்கிடையே பையரின் மின்னஞ்சல்களுக்கு நாள் முழுவதும் பதில் எழுதுவது என்று அவருடைய வேலை நீளும்.

இவற்றில் எதைச் சோதனைக்கு எடுப்பது? நாளுக்குப் பலமுறை வருவதாக, தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரிவதாக, செய்வதைவிடச் சரிபார்ப்பது எளிதாக இருக்கும் வேலையே ஏற்றது. பையரின் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் வரைவது இந்த மூன்றுக்கும் பொருந்தும். விலைக்கணக்கு பொருந்தாது. ஓர் ஆடைக்கு ஆகும் துணியில் 5 கிராம் குறைத்துக் கணக்கிட்டால், 50,000 உருப்படி ஆர்டரில் 250 கிலோ துணி பற்றாக்குறையாகும். அந்தத் தவறு கட்டிங் மேசைக்கு வரும்வரை வெளியே தெரியாது. அதைச் சரிபார்க்க வேண்டுமென்றால் கணக்கை முதலிலிருந்து மறுபடி போட்டாக வேண்டும். சரிபார்ப்பும் செய்முறையும் ஒரே அளவு உழைப்பைக் கேட்கும் வேலையில் கருவி மிச்சப்படுத்துவதற்கு எதுவும் இருக்காது.

தமிழில் எழுதவேண்டிய வேலையாக இருந்தால் தமிழிலேயே சோதித்துப் பாருங்கள். ஆங்கிலக் கடிதத்தில் கண்ட பயனைத் தமிழ்க் கடிதத்துக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. கருவி எழுதும் தமிழைத் திருத்துவதற்கு ஆகும் நேரம் வேறு. பயன்பாட்டு அளவுக்குக் கட்டணம் கட்டுபவர்களுக்கு, ஒரே பொருளைத் தமிழில் சொல்ல ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் (எழுத்தைத் துண்டுகளாக்கிக் கருவி எண்ணும் அலகு) செலவாகும்.

எதை எண்ணுவது

அனுப்பிய மின்னஞ்சல்களை எண்ணாதீர்கள். கருவி வந்தால் மின்னஞ்சல்கள் பெருகும், நீளமும் ஆகும். எண்ணிக்கை உயர்வதைப் பார்த்து மகிழ்ந்தால், பையர் படிக்கவேண்டிய பக்கங்களை அதிகமாக்கியதற்காக நம்மை நாமே பாராட்டிக்கொண்டவர்களாவோம். முடிந்துபோன கேள்விகளை எண்ணுங்கள். பையர் கேட்ட கேள்விக்கு விடை போய், அதே கேள்வி மறுபடி வராமல் இருந்தால் அது ஓர் அலகு. மேலே சொன்ன வாடிக்கையாளர் சேவை ஆய்விலும் தீர்ந்த சிக்கல்களையே எண்ணினார்கள். கணக்குப் பிரிவில் இது பிழையின்றிப் பதிவான பில்லாக இருக்கலாம். மென்பொருள் நிறுவனத்தில், பரிசோதனையைக் கடந்து வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்ட மாற்றமாக இருக்கலாம். எழுதிய வரிகளின் எண்ணிக்கை எங்கேயும் அலகாகாது.

அடுத்து, நேரத்தை எங்கிருந்து எங்குவரை அளப்பது என்பதில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கருவி பதிலைக் கொட்டும் சில நொடிகளை மட்டும் பார்த்து வியக்கிறார்கள். கருவிக்குச் சூழலை விளக்கி எழுதிய நேரம், காத்திருந்த நேரம், வந்ததைப் படித்த நேரம், கூறியதைக் கோப்புடன் ஒப்பிட்ட நேரம், திருத்திய நேரம், சரிவராமல் தூக்கிப்போட்டுவிட்டுத் தாமே எழுதிய நேரம் ஆகிய எல்லாமே கணக்கில் சேரவேண்டும். மீட்டர் ஆய்வில் நிரலாளர்களின் திரைகள் பதிவு செய்யப்பட்டிருந்ததால் இது தெளிவாகத் தெரிந்தது: நிரல் எழுதுவதற்கும் தேடுவதற்கும் ஆன நேரம் உண்மையிலேயே குறைந்திருந்தது, கருவி தந்ததைப் பரிசோதிப்பதிலும், அதற்குச் சொல்லிப் புரியவைப்பதிலும், காத்திருப்பதிலும் அதைவிட அதிக நேரம் போயிருந்தது. கருவி உருவாக்கித் தந்தவற்றில் 44 விழுக்காட்டுக்கும் குறைவாகவே அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த மேசையின் நேரத்தையும் விட்டுவிடக் கூடாது. ஒருவர் ஐந்து நிமிடத்தில் உருவாக்கி அனுப்பும் நான்கு பக்க அறிக்கையைப் பெறுபவர், அதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று தேட இருபது நிமிடம் செலவழித்தால், நிறுவனம் கால்மணி நேரத்தை இழந்திருக்கிறது. அனுப்பியவரின் பதிவேடோ லாபம் காட்டும். ஆகவே சோதனைக் காலத்தில் பெறுபவரும் ஒரு குறிப்பேடு வைத்திருந்து, தெளிவில்லை என்று திருப்பி அனுப்பியவற்றையும் அதற்கான நேரத்தையும் எழுதவேண்டும்.

ஒற்றைப்படை, இரட்டைப்படை

கருவியை வாங்குவதற்கு முந்தைய மாதத்தையும் பிந்தைய மாதத்தையும் ஒப்பிடுவதே பலரும் செய்வது. அது எளிது, ஆனால் நம்ப முடியாது. தீபாவளி விடுமுறை விழுந்த மாதத்தை ஏற்றுமதி நெருக்கடி மாதத்துடன் ஒப்பிட்டால் கிடைப்பது பண்டிகையின் விளைவுதான். கணக்கு அலுவலகத்தில் மாதந்தோறும் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரி அறிக்கைகளைத் தாக்கல் செய்யும் நெருக்கடியும், அதன் பின் வரும் ஓய்ந்த நாட்களும் ஒன்றாகா.

வேலைகளை விருப்பப்படி பிரித்துக்கொள்ள விட்டாலும் கணக்குக் கெடும். எளிய கடிதங்களைக் கருவியிடம் கொடுத்துவிட்டு, சிக்கலானவற்றைத் தாமே எழுதுவது மனித இயல்பு. அப்போது கருவியின் சராசரி நேரம் தானாகவே குறைவாகத் தெரியும். வேகமான ஊழியர்களே முதலில் கருவியைக் கையில் எடுப்பார்கள் என்பதால், பயன்படுத்துவோரையும் பயன்படுத்தாதோரையும் ஒப்பிடுவதும் அதே குழியில்தான் விழும்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும். உள்ளே வரும் ஒவ்வொரு கேள்விக்கும் வந்த வரிசையில் எண் கொடுங்கள். ஒற்றைப்படை எண்ணுக்குக் கருவியுடன் பதில், இரட்டைப்படை எண்ணுக்குக் கருவியில்லாமல் பதில். ஒரே ஊழியர், ஒரே வாரம், ஒரே பையர். வேறுபடுவது கருவி மட்டுமே. எண் விழுந்த பிறகு மாற்றிக்கொள்ள அனுமதிக்காதீர்கள். இந்த ஒரு கட்டுப்பாட்டில் தளர்ந்தால் மீதி உழைப்பு முழுவதும் வீண். பக்கத்துக்குப் பக்கம் ஐந்து கட்டங்கள் இருந்தால் போதும்: எண், தொடங்கிய நேரம், முடித்த நேரம், திரும்பி வந்ததா, தவறு என்ன. ஒற்றையும் இரட்டையும் சேர்த்து இருநூறு முந்நூறு கேள்விகளாவது ஆகும்வரை தொடருங்கள். இருபது கேள்விகளை வைத்து எதையும் சொல்ல முடியாது. சராசரியுடன் நடுமதிப்பையும் (நேரங்களை வரிசைப்படி அடுக்கினால் நடுவில் வருவது) பாருங்கள், ஏனென்றால் இரண்டு மணி நேரம் இழுத்த ஒரே ஒரு கடிதம் சராசரியைப் புரட்டிப்போடும்.

தொடங்குவதற்கு முன் ஊழியர்களை உட்காரவைத்து, இந்தக் கணக்கை வைத்து யாரையும் வேலையைவிட்டு நீக்கமாட்டோம் என்று சொல்லுங்கள், சொன்னதைக் காப்பாற்றுங்கள். வேலை போய்விடும் என்று அஞ்சுபவர் எழுதும் நேரக்கணக்கில் உண்மை இருக்காது, அவரைக் குறைசொல்லவும் முடியாது. எந்த விவரங்களைக் கருவியில் உள்ளிடக் கூடாது என்பதையும் அன்றே எழுதி ஒட்டிவிடுங்கள். பையரின் வடிவமைப்புகள், விலை, வாடிக்கையாளரின் தனிப்பட்ட தகவல்கள் ஆகியவை தனிநபர் கணக்குகளின் வழியாகப் போகலாகாது. அத்தகைய கணக்குகளில் உள்ளிடுவது அந்த ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்கப் பயன்படக்கூடும்.

ரூபாயில் போடும் கணக்கு

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. உங்கள் நோட்டில் உள்ளவற்றை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மெர்ச்சண்டைசர்கள் சேர்ந்து மாதம் 400 கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்கள். கருவியில்லாமல் ஒன்றுக்கு 12 நிமிடம், கருவியுடன் எல்லாம் சேர்த்து 8 நிமிடம் என்றால் மாதம் 1,600 நிமிடம் மிச்சம். முன்பு 8 பதில்கள் தவறென்று திரும்பி வந்தன, இப்போது 20 வருகின்றன; ஒன்றைச் சரிசெய்ய 25 நிமிடம் ஆனால், கூடுதலான 12-க்கு 300 நிமிடம் கழியும். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கவும், கட்டளை வாசகங்களைச் செப்பனிடவும், மேற்பார்க்கவும் ஆறு மணி நேரம், அதாவது 360 நிமிடம். எஞ்சுவது 940 நிமிடம், ஏறத்தாழ 15 மணி 40 நிமிடம். சம்பளம், வருங்கால வைப்பு நிதி எல்லாம் சேர்த்து மணிக்கு 200 ரூபாய் என்றால் அதன் மதிப்பு சுமார் 3,130 ரூபாய். ஆளுக்கு 2,000 ரூபாய் சந்தா என்றால் செலவு 6,000 ரூபாய்.

நேரம் மிச்சமாகியும் பணம் நட்டமாகிறது. வெளிநாட்டு ஆய்வுகளின் விழுக்காடுகளை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துபவர்கள் பார்க்கத் தவறும் இடம் இது. சந்தாக்களில் பல டாலரை ஒட்டி விலை வைக்கப்பட்டவை. சம்பளமோ உள்ளூர் ரூபாயில். மணிக்கு 30 டாலர் கூலி உள்ள நாட்டில், மாதம் 20 டாலர் சந்தா 40 நிமிட மிச்சத்தில் அடைபட்டுவிடும். மணிக்கு 200 ரூபாய் கூலியில் 2,000 ரூபாய் சந்தா அடைபட, தலைக்கு மாதம் 10 மணி நேரம் மிச்சமாகவேண்டும். 2025 ஆகஸ்ட்டில் சாட்ஜிபிடி இந்தியாவில் மாதம் 399 ரூபாய்க்கு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த விலையில் இரண்டு மணி நேரமே போதும். ஆகவே எல்லோருக்கும் உயர்ந்த திட்டத்தை வாங்காமல், நோட்டில் யாருக்கு எவ்வளவு மிச்சம் தெரிகிறதோ அதற்கேற்ப வாங்குவதே கணக்குக்குச் சரி. முதல் ஆண்டு புதிதாகச் சேர்ந்தவருக்குச் சந்தா, இருபது ஆண்டு அனுபவமுள்ளவருக்கு அவர் விரும்பினால் மட்டும் என்று நான் இருந்தால் தொடங்குவேன். வாடிக்கையாளர் சேவை ஆய்வில், கருவி இடையிடையே செயலிழந்த நேரங்களிலும், அதைப் பயன்படுத்திப் பழகியவர்களின் வேலை முன்பைவிட நன்றாகவே இருந்தது. அவர்கள் உண்மையிலேயே கற்றுக்கொண்டிருந்தார்கள். புதியவருக்குச் செலவிடும் சந்தாவில் இந்தப் பயனும் சேரும்.

திரும்பி வந்த 20 பதில்களைப் போன்ற சிறு தவறுகள் நோட்டில் பதிவாகும். அரிதாக நேரும் பெருந்தவறு அதில் வராது. ஏர் கனடா நிறுவனத்தின் சாட்பாட், துக்க நிகழ்வுக்குப் பயணம் செய்பவருக்கான சலுகைக் கட்டணம் பற்றி ஒரு பயணிக்குத் தவறான தகவல் கொடுத்தது. அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற நிறுவனத்தின் வாதத்தைப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏற்க மறுத்து, இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இத்தகைய தவறு நான்கு வாரச் சோதனையில் ஒருமுறைகூட வராமல் போகலாம். ஆகவே விலை, தேதி, அளவு, சட்டக் கடப்பாடு ஆகிய நான்கில் எது இருந்தாலும், ஒரு மனிதர் கோப்பைத் திறந்து பார்த்துக் கையொப்பமிடாமல் கடிதம் வெளியே போகக் கூடாது என்று விதி வையுங்கள். அதற்கு ஆகும் நேரத்தையும் கருவியின் கணக்கிலேயே எழுதுங்கள்.

வேகத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குச் சுவீடனின் கிளார்னா என்ற தவணைக் கடன் நிறுவனம் வெளிப்படையான எடுத்துக்காட்டு. 2024 பிப்ரவரியில் அது, தன் ஏஐ உதவியாளர் முதல் மாதத்திலேயே 23 லட்சம் உரையாடல்களைக் கையாண்டதாகவும், 700 முழுநேரப் பணியாளர்களின் வேலைக்கு அது ஈடென்றும், சிக்கல் தீரும் நேரம் 11 நிமிடத்திலிருந்து 2 நிமிடத்துக்கும் கீழே வந்ததாகவும் அறிவித்தது. 2025-இல் அதன் தலைமைச் செயல் அலுவலரே, செலவைக் குறைப்பதற்கு மிகையான இடம் கொடுத்ததால் தரம் தாழ்ந்தது என்று ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளர் சேவைக்கு மனிதர்களை மீண்டும் சேர்க்கும் பணியும் தொடங்கியது.

மிச்சமான நேரம் எங்கே போனது

நோட்டில் லாபம் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே கடினமானது. டென்மார்க்கில் 11 தொழில்களைச் சேர்ந்த சுமார் 25,000 தொழிலாளர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2025-இல் வெளியான ஆய்வில், சாட்பாட்களைப் பயன்படுத்துவோருக்குச் சராசரியாக 3 விழுக்காட்டளவு நேரம் மிச்சமானது; வருமானத்திலோ வேலை நேரத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. தலைக்கு நாளுக்குக் கால்மணி நேரம் மிச்சமானால், அது ஒரு தேநீரிலும் இரண்டு கூடுதல் மின்னஞ்சலிலும் கரைந்துவிடும். நிறுவனத்தின் கணக்கேட்டை அது எட்டுவதில்லை.

மின்சாரம் வந்தபோதும் இப்படித்தான் ஆனது. எடிசனின் நியூயார்க் மின்நிலையம் 1882-இல் இயங்கத் தொடங்கியது. அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறனில் அதன் பெரும் விளைவு 1920-களில்தான் தெரிந்தது என்பதைப் பொருளியல் வரலாற்றறிஞர் பால் டேவிட் 1990-இல் விளக்கினார். ஆலை முதலாளிகள் முதலில் நீராவி எந்திரத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மின்மோட்டாரை வைத்தார்கள். எந்திரங்களுக்கு விசையைக் கடத்தக் கூரையடியில் ஓடிய நீண்ட தண்டும் வார்களும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, வேலை நகரும் வரிசைப்படி எந்திரங்களை மாற்றி அடுக்கிய பிறகே பலன் வந்தது.

திருப்பூர் அலுவலகத்துக்குத் திரும்புவோம். ஓர் ஆர்டர் கையில் வந்த நாளிலிருந்து கப்பலேறும் நாள்வரை உள்ள காலத்தை ஒரு தாளில் கோடாக வரைந்து, உண்மையில் வேலை நடந்த நாட்களை ஒரு நிறத்திலும், எதற்காகவோ காத்திருந்த நாட்களை இன்னொரு நிறத்திலும் குறியுங்கள். லேப் டிப்புக்குப் பையரின் ஒப்புதல், நூல் வரவு, சாயப்பட்டறையின் வரிசை ஆகியவற்றுக்குக் காத்திருந்த நாட்களே அதிகமாகத் தெரிந்தால், மெர்ச்சண்டைசர் பதில் எழுதும் நேரத்தைப் பாதியாக்கினாலும் கப்பல் தேதி ஒரு நாள்கூட முன்னால் வராது. மிச்சமான மணிகளை அந்தக் காத்திருப்பின் மேல் செலுத்தவேண்டும். பதில் எழுதுவதில் மீந்த நேரத்தில் அவர் சாயப்பட்டறைக்கு நேரில் போய், முதல் சுற்றிலேயே நிறம் பொருந்தும்படி பார்த்துக்கொண்டால், அனுப்பி, நிராகரிக்கப்பட்டு, மறுபடி அனுப்பும் ஒரு சுற்று குறையும். அந்த ஒரு சுற்றுக்கு நாட்கணக்கில் மதிப்பு உண்டு. தாமதமான சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்பிய எந்த ஏற்றுமதியாளரையும் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே இரண்டாவது அளவுகோலாக, முழு நிறுவனத்துக்கும் பொருந்தும் எண்கள் மூன்றை மாதாமாதம் எழுதி வாருங்கள்: ஒரு மெர்ச்சண்டைசர் கையாளும் ஸ்டைல்கள் (ஆடை வடிவங்கள்), குறித்த நாளில் போன ஷிப்மென்ட்களின் பங்கு, விமானச் சரக்குக்கு ஆன செலவு. முதல் நோட்டில் நேரம் மிச்சமாகி, இந்த மூன்றும் இரண்டு காலாண்டுகளுக்கு அசையாமல் இருந்தால், நேரம் எங்கேயோ கசிகிறது என்று பொருள். கருவியை மாற்றுவதற்கு முன் வேலைப் பங்கீட்டை மாற்றிப் பாருங்கள்.

எந்த அளவு மிச்சமானால் தொடர்வோம், எதற்குக் கீழே போனால் நிறுத்துவோம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதி, தேதியிட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். முடிவைப் பார்த்தபின் எல்லையை வைத்தால், ஏற்கெனவே வாங்கிவிட்ட கருவிக்குச் சாதகமாகவே அது விழும். கருவிகள் மிக வேகமாக மாறுகின்றன. மேலே சொன்ன ஆய்வுகள் அவை நடந்த காலத்தில் இருந்த கருவிகளைப் பற்றியவை. உங்கள் நோட்டின் விடையும் அது எழுதப்பட்ட மாதங்களுக்கே உரியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சந்தாவைப் புதுப்பிக்கும் தேதிக்கு ஆறு வாரம் முன்பாக, அதே வேலையில் அதே ஒற்றைப்படை இரட்டைப்படை முறையை மறுபடி தொடங்குங்கள்.